மரகதத்தின் தூக்குப்போசி

வாசனை என் மடியிலிருந்துதான் வருகிறது, தம்பி. நீங்கள் உங்கள் பையைத் திறந்து பார்த்தீர்கள், முன்சீட்டு அம்மாவின் கூடையை எட்டிப் பார்த்தீர்கள், வெளியே ஏதாவது கடை இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டீர்கள். இதோ, இந்தத் தூக்குப்போசிதான். மூடி கொஞ்சம் தளர்ந்துவிட்டது. பதினோரு வருடம் பரணில் கிடந்த சாமான் வேறு எப்படி இருக்கும்? அதனால்தான் துண்டைப் போட்டுக் கட்டி, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளே காளான். ரோட்டுக்கடைக் காளான். ஆனால் ரோட்டில் வாங்கியதல்ல. என் வீட்டு அடுப்பில் நானே செய்தது.

சிரித்துக்கொள்ளுங்கள். எழுபத்திரண்டு வயதுக் கிழவன் போசியில் காளான் செய்து எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனால் எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் நாச்சிமுத்து என்ற பெயரைக் கேட்டால் எங்கள் ஊரில் ஒரு காலத்தில் யாரும் சிரிக்கமாட்டார்கள். தள்ளுவண்டி நாச்சிமுத்து. கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை. பேப்பரில் போட்டோ வந்தவனை மறந்துவிடுவார்கள், போலீஸ் லாரியில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டவனை இன்னும் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வருத்தமில்லை என்று சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கைதான். மில் வாசலில் யார் எந்த நோட்டீசைக் கொடுத்தாலும் வாங்கி, மடித்து, வீட்டுக்கு வந்து மூன்று முறை படிப்பேன். அப்படிப் படித்துத்தான் எழுதக் கற்றேன். பிறகு மற்றவர்கள் என் நோட்டீசைப் படித்துக் கற்றார்கள். மில்லிலிருந்து என்னை மூன்று முறை வெளியேற்றினார்கள், இரண்டு முறை திரும்ப எடுத்தார்கள். மூன்றாவது முறை நானே போகவில்லை. சந்தை ரோட்டில் தள்ளுவண்டி போடுகிறவர்களைச் சேர்த்துச் சங்கம் ஆரம்பித்தேன். பஜ்ஜி, மசால் பூரி, சுண்டல், காளான். நாற்பத்திரண்டு வண்டி. கேட்பாரில்லாமல் கிடந்த ஜனங்கள். என்னால்தான் அவர்களுக்கு...

"பெரியவரே! இன்னைக்கு நம்பியூர்ல எறங்குவீங்களா?"

பார்த்தீர்களா, கண்டக்டர் வந்துவிட்டார்.

"நம்பியூருக்குத்தான்யா டிக்கெட் எடுத்திருக்கேன்."

"மொத வாட்டியும் நம்பியூருக்குத்தான் எடுத்தீங்க. கோபி வரைக்கும் வந்துட்டு, 'தூங்கிட்டேன்'னு சொன்னீங்க. கண்ணை முழிச்சுட்டுத் தூங்குன ஆளை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்."

நல்ல பையன். வாய்தான் கொஞ்சம் நீளம். அவன் சொல்வது உண்மை. இந்தப் பஸ்ஸில் இந்தப் போசியோடு நான் வருவது இது மூன்றாம் முறை.

போசியின் கழுத்தில் பேர் வெட்டியிருக்கிறது, பாருங்கள். கண்ணாடி போட்டிருக்கிறீர்களே, படிக்க முடியும். 'மரகதம்.' கீழே ஒரு தேதி. கல்யாணத்துக்கு வந்த சீர்ப் போசி. அவளுடையதைத்தான் அவளிடம் கொண்டுபோகிறேன். வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் பக்கம் இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? அரிசியாவது, இரண்டு வெல்லக்கட்டியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். இந்தப் போசி எங்கள் வீட்டுக்கு வந்தபோது உள்ளே காளான் இருந்தது. அதனால் காளானோடு போகிறது. அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதான் இல்லை. நம்பியூர் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. சொல்கிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், சந்தை ரோட்டிலிருந்து எங்கள் வண்டிகளையெல்லாம் எடுத்து, லாரி நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு பொட்டலுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே நாய்கூடப் போகாது. யார் வந்து பஜ்ஜி தின்பார்கள்? சங்கத்தைக் கூட்டினேன். உத்தரவைத் திரும்பப் பெறுகிற வரைக்கும் நாற்பத்திரண்டு வண்டியிலும் அடுப்பு எரியாது என்று தீர்மானம். மைக்கைப் பிடித்தேன். தீர்மானத்தைப் படித்துவிட்டு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. "வண்டிகளில் மறுபடி அடுப்பு எரிகிற வரை இந்த நாச்சிமுத்துவின் நாக்கில் கஞ்சியைத் தவிர வேறொன்றும் படாது" என்று சொன்னேன். எழுதிவைத்துப் பேசியதல்ல. வாயில் வந்தது. கைதட்டு நிற்க ஐந்து நிமிடம் ஆனது.

முன்வரிசையில் மரகதம் இருந்தாள். அவள் கை தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அன்று எனக்குப் பிடிக்கவில்லை.

மரகதம் சினிமாக் கொட்டகைக்கு எதிரே காளான் வண்டி போட்டிருந்தாள். புருஷன் இல்லை, ஒரே மகள். வாய் ஜாஸ்தி. நான் அவள் வண்டியருகே நின்று யாரிடமாவது உலக நிலவரம் பேச ஆரம்பித்தால், கரண்டியால் கல்லைத் தட்டுவாள். "அண்ணா, பேச்சு ஆறாது, காளான் ஆறிரும். தின்னுங்க மொதல்ல. ஆறிப்போச்சுன்னா களியாயிரும்." தலைவனிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் காளான்... காளான் விஷயத்தில் அவளை யாரும் அடிக்க முடியாது. அதை எந்தக் காலத்திலும் நான் மறுத்ததில்லை.

போராட்டம் தொடங்கிய முதல் நான்கு நாள் வீராவேசமாகப் போனது. ஐந்தாம் நாள் முணுமுணுப்பு. ஏழாம் நாள், யாரோ வீட்டிலேயே செய்து பின்வாசல் வழியாக விற்கிறார்கள் என்று ஒரு பேச்சு. யார் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்தார்கள். அதுதான் ஒரு போராட்டம் சாகிற விதம், தம்பி. போலீஸ் அடித்து எந்தப் போராட்டமும் செத்ததில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம். மழை. நாள் முழுக்க ஊர்வலத்தில் நனைந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரி பூவாத்தாள் ஒரு தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். ஆவி பறந்தது. மேலே பச்சை வெங்காயம், கொத்தமல்லி. நான் என்னவென்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தின்றேன். நான்கு நிமிடத்தில் தட்டு காலி. இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். போசியைச் சாய்த்து மிச்சத்தையும் போட்டாள். அதையும் தின்றேன்.

தின்று முடித்த பிறகுதான் எனக்கு நாக்கு வந்தது. "இது மரகதம் கையாச்சே" என்றேன்.

"சாப்பிட்டீங்கல்ல. கையைக் கழுவுங்க" என்றாள் பூவாத்தாள்.

அப்படியானால் வீட்டில் செய்து விற்பது மரகதம்தான். வேறு என்ன நினைக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள். அடுப்பு எரியக்கூடாது என்று தீர்மானம் போட்டு ஒன்பது நாள் ஆகிறது, என் தட்டில் அவளுடைய காளான் சூடாக இருக்கிறது. எனக்கு வேறொன்றும் தெரியாது. தெரியாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் நோட்டீஸ் எழுதினேன். ஒரே மூச்சில். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. 'வீட்டு அடுப்பில் வெந்த துரோகம்.' தலைப்பு எப்படி? ரோஸ் தாளில் ஆயிரம் பிரதி. முதல் பத்தி இன்றும் எனக்கு மனப்பாடம். "தோழர்களே! நீதிக்காக நாற்பத்திரண்டு அடுப்புகள் அணைந்து கிடக்கின்றன. ஆனால் நாற்பத்து மூன்றாவது அடுப்பொன்று ஒரு வீட்டுக்குள் எரிந்துகொண்டிருக்கிறது. அது சினிமாக் கொட்டகை எதிரே காளான் வண்டி போடும் மரகதத்தின் அடுப்பு! சுவைத்தறிந்த சாட்சி நம்மிடம் உண்டு!"

அந்த 'நாற்பத்து மூன்றாவது அடுப்பு', கவனித்தீர்களா? எழுதும்போதே எனக்குப் புல்லரித்தது. அதைப் படித்துவிட்டு ஜனங்கள் மறுபடி நிமிர்ந்தார்கள். முணுமுணுப்பு நின்றது. எல்லோருக்கும் ஒரு எதிரி வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. பத்தொன்பதாம் நாள் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். ஜெயித்தோம். அதை யாரும் மறுக்க முடியாது.

மரகதமா? போராட்டம் நடக்கும்போதே பொதுக்குழுவில் நிற்க வைத்துக் கேட்டோம். அவளுடைய வண்டியின் கண்ணாடி முழுக்க என் ரோஸ் நோட்டீஸ். யார் ஒட்டினார்கள் என்று தெரியாது, நான் ஒட்டச் சொல்லவில்லை. எழுந்து நின்றாள். "நான் விக்கலீங்க" என்றாள். "அப்படின்னா சாட்சி எப்படி வந்துச்சு?" என்று நான்தான் கேட்டேன். என்னைப் பார்த்தாள். கதவோரம் நின்ற பூவாத்தாளைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். வாய் ஓயாதவள், தம்பி. அன்று அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததே ஒப்புதல் என்று முடிவு செய்து நீக்கினோம். அவளுடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் வண்டியை விற்றுவிட்டு, நம்பியூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் அவளை மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் சங்கத்துக்கு வெள்ளிவிழா மலர் போடுவதாக வந்தார்கள். என் துண்டறிக்கைகளையெல்லாம் சேர்த்து ஒரு பகுதி. இந்த வயதில் ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? அச்சகத்துக் குப்புராஜ் மாதிரித் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தான். பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழாம் பக்கம், 'வீட்டு அடுப்பில் வெந்த துரோகம்'. பூவாத்தாளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். ராகம் போட்டு, மேடையில் படிப்பதைப் போலவே படித்தேன்.

அவள் கேட்டுவிட்டு உள்ளே போனாள். ஸ்டூல் இழுக்கிற சத்தம். பரணில் எதையோ தள்ளுகிற சத்தம். அறுபத்தெட்டு வயது, முட்டிவலி, ஸ்டூல் மேல் ஏறியிருக்கிறாள். இறங்கி வந்து, தூசியோடு இந்தப் போசியைக் கொண்டுவந்து நாற்பத்தேழாம் பக்கத்தின் மேல் வைத்தாள்.

"இது மரகதம் போசி. அன்னைக்குக் காளான் வந்த போசி."

"அதுக்கென்ன இப்போ?"

"அவ விக்கலீங்க. உங்களுக்குத்தான் செஞ்சா. 'அண்ணன் கஞ்சிய மட்டும் குடிச்சுட்டு மழையில நடக்கறாரு, பாக்கப் பொறுக்கலக்கா'ன்னு நீங்க வர்றதுக்குச் சித்த முன்னால செஞ்சு, முந்தானையில மூடிக் கொண்டுவந்து குடுத்தா. ஒத்தைப் பைசா வாங்கல. பத்தொம்பது நாள்ல அவ வீட்டுல எண்ணெச் சட்டி வெச்சது அந்த ஒரு தடவதான்."

"அப்படின்னா பொதுக்குழுவுல வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்லுவா? 'உங்க தலைவரு கஞ்சி மட்டும்னு மைக்குல சொல்லிப்போட்டு என்ற போசியை வழிச்சுத் தின்னாரு'ன்னா? போராட்டம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அந்த மீட்டிங் முடிஞ்சு வந்து என்ற கையைப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டா. 'நாப்பது அடுப்பு அணைஞ்சு கெடக்குதுக்கா. அண்ணன் பேரு கெட்டுச்சுன்னா அத்தனையும் போச்சு. என்ற ஒரு வண்டிதான், போய்த் தொலையட்டும்'னா."

"நீ எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"நோட்டீஸ் அடிக்கக் கெளம்பறப்பவே 'ஏனுங்க'ன்னு கூப்பிட்டேன். 'சங்க விசயத்துல வீட்டு ஆளுக தலையிடக்கூடாது'ன்னு சொல்லிட்டு செருப்ப மாட்டுனீங்க."

சொன்னேன். ஞாபகமிருக்கிறது. அது சங்கத்தின் விதி.

அப்புறம் பூவாத்தாள் ஒன்றுதான் சொன்னாள். "இந்தப் போசி பதினோரு வருசமா நம்மூட்டுல கெடக்குது. வெறுசாக் குடுக்க முடியாது. என்னத்தப் போட்டுக் குடுக்கறதுன்னும் எனக்குத் தெரியல. நீங்க தின்னதை நீங்களே உங்க கையால செஞ்சு, நீங்களே கொண்டுபோய்க் குடுங்க."

அன்றைக்குத்தான் நான் அடுப்படிக்குள் போனேன். பெண் விடுதலையைப் பற்றி இருநூறு கூட்டமாவது பேசியிருப்பேன், ஆனால் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. பூவாத்தாள் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒரு விரல் உதவவில்லை.

முதல் நாள் கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் காளான் வாங்கிவந்தேன். வெள்ளை வெளேரென்று நல்ல காளான். அதைப் பார்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டாள். "இருவத்தஞ்சு வருசத் தலைவரு! காளான் வண்டியில காளான் எங்கீங்க இருக்குது? அது முட்டைக்கோசுங்க!"

தெரியாது, தம்பி. சத்தியமாகத் தெரியாது. அவர்களுடைய உரிமைக்காக ஜெயிலுக்குப் போனேன். அவர்கள் எதை நறுக்கி எதைப் பொரிக்கிறார்கள் என்று கேட்டதில்லை.

இரண்டாம் முறை முட்டைக்கோசைத் தடிமனாக நறுக்கிவிட்டேன். மாவும் தண்ணீராகிவிட்டது. உருண்டை எண்ணெயைக் குடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்தது. மூன்றாம் முறை உருண்டை மொறுமொறுவென்று வந்தது. ஆனால் தக்காளி, வெங்காயம் வதக்கி, உருண்டையைப் பிய்த்துப் போட்டு, கடைசியில் சோளமாவுக் கரைசலை ஊற்றினேன் பாருங்கள், பசை. போஸ்டர் ஒட்டலாம். "இதுதான் உங்களுக்கு நல்லாத் தெரியுமே" என்றாள் வாசலில் உட்கார்ந்திருந்தவள். நான்காம் முறை எல்லாம் சரியாக வந்தது. ஆனால் அது ஏதோ ஒரு வண்டிக் காளான். மரகதத்தின் காளான் இல்லை. அவளுடையதில் அடியில் ஒரு தித்திப்பு இருக்கும். சர்க்கரைத் தித்திப்பு இல்லை. அதை வைத்துத்தானே அன்று நான் கண்டுபிடித்தேன்?

இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. முட்டைக்கோசை நறுக்கி உப்புப் போட்டுப் பிசைந்தால் தண்ணீர் விடும். அதைப் பிழிந்து எடுத்துவிட்டுத்தான் மாவில் போட வேண்டும். மற்ற காளான் வண்டிக்காரர்கள் ஏதோ தண்ணீரை ரோட்டோரம் ஊற்றுவார்கள், அது இந்தத் தண்ணீர்தான். எல்லா வண்டிக்கடியிலும் ஈரம், ஈ. மரகதம் வண்டிக்கடியில் மட்டும் காய்ந்திருக்கும். சுத்தத்துக்கு உதாரணம் என்று ஒரு கூட்டத்தில் நானே அவளைப் பாராட்டியிருக்கிறேன். அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? ஐந்தாம் முறை, பிழிந்த தண்ணீரை எடுத்து வைத்து, பச்சைத் தண்ணீருக்குப் பதிலாக அதையே மசாலாவில் ஊற்றினேன். கொதித்ததும் ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்தேன்.

அந்த மழைச் சாயங்காலம் அப்படியே வந்துவிட்டது. அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பூவாத்தாள் அப்போதும் எழுந்து வரவில்லை.

முதல் தடவை வந்தபோது நம்பியூரில் நான் சீட்டைவிட்டு எழவில்லை. கண்டக்டர் சொன்னதுதான் நடந்தது. கோபி பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்தேன். பசி. போசியைத் திறந்து... ஆமாம். நானே தின்றேன். மறுபடியும் வழித்து. வீட்டுக்குப் போய், "வீடு பூட்டியிருந்துச்சு, காளானை நாய்க்குப் போட்டுட்டேன்" என்றேன். பூவாத்தாள் போசியை வாங்கிக் கழுவிக்கொண்டே, "மரகதம் செஞ்ச மாதிரியே இருந்துச்சுங்களா?" என்றாள்.

இரண்டாம் தடவை இறங்கிவிட்டேன். தெருவையும் கண்டுபிடித்தேன். மகள் வீட்டு ஜன்னலில் ஒரு பலகை, 'காளான், மசால் பூரி கிடைக்கும்' என்று. அன்று எதைச் செய்தாள் என்று நாங்கள் அவளைத் துரத்தினோமோ, அதைத்தான் இப்போது செய்கிறாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். மெலிந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கரண்டியால் கல்லில் கொத்துகிற அதே டக் டக். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "யாருங்க, காளானுங்களா? சித்த நில்லுங்க, அடுத்த ஈடு எறங்கட்டும்" என்றாள்.

என்னை அவளுக்குத் தெரியவில்லை, தம்பி! நாச்சிமுத்துவைத் தெரியவில்லை! எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் ஆகிவிட்டது. காளான் விற்கிறவளுக்குக் காளானைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்ன புத்திசாலித்தனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். திரும்பும் வழியில் இதே பஸ்ஸில்... அதையும் நான்தான் தின்றேன்.

இன்று மூன்றாம் தடவை. இன்று போசி மட்டும் இல்லை, ஒரு அறிக்கையும் எழுதி வைத்திருக்கிறேன். அவளிடம் கொடுத்துவிட்டு மலரிலும் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். இன்று சாயங்காலம் குப்புராஜுக்குக் கடைசி நாள். படிக்கட்டுமா? "நெருக்கடிமிக்க அக்காலகட்டத்தில், எதிரிகளின் சூழ்ச்சியால் எழுந்த வதந்திகளின் காரணமாக, உறுதிமிக்க ஒரு தோழியரைப் பற்றி இயக்கம் தவறான முடிவுக்கு வர நேர்ந்தது..."

என்ன கேட்டீர்கள்? சத்தமாகக் கேளுங்கள், எஞ்சின் சத்தத்தில் காது கேட்கவில்லை.

காளானைத் தின்றது யார் என்று இதில் இருக்கிறதா என்றா?

இல்லை. இதில் இல்லை. அறிக்கை என்பது தனிமனித விவகாரம் அல்ல. அது...

இன்னொன்றா? போசியில் இருந்த பேரை அன்றைக்கே பார்த்தேனா என்றா கேட்கிறீர்கள்?

நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள், தம்பி? வக்கீலா? இன்ஷூரன்ஸா. அதானே பார்த்தேன்.

பார்த்தேன். பூவாத்தாள் சாய்த்துப் போடும்போது விளக்கு வெளிச்சத்தில் பேர் தெரிந்தது. விற்கிறவள் கவரில் கட்டித்தான் கொடுப்பாள். தன் கல்யாணப் போசியில் யாரும் யாருக்கும் விற்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியாதா? மில் வாசலில் முப்பது நோட்டீசைப் படித்தாலே அதில் எது பொய் என்று கண்டுபிடிக்கிறவனுக்கு ஒரு போசியைப் படிக்கத் தெரியாதா?

ராத்திரி முழுக்க ஒன்றுதான் ஓடியது. நான் தின்றது அவளுக்குத் தெரியும். வாய் ஓயாதவள். நாளைக்கு எங்காவது, யாரிடமாவது, கரண்டியைத் தட்டிக்கொண்டே சிரித்துச் சொல்லிவிட்டால்? அவள் சொல்வதற்குள் அவளைப் பற்றி நான் சொல்லிவிட வேண்டும். துரோகி என்று பேரெடுத்தவள் அதற்கப்புறம் எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? எதிரி வேண்டியிருந்தது என்று சொன்னேனே, அது உண்மை. ஆனால் அவளைத் தேர்ந்தெடுத்தது அதற்காக இல்லை. பயத்தில் எழுதினேன். அதனால்தான் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

இதைப் பூவாத்தாளிடமும் நான் சொன்னதில்லை. பேர்கூடத் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா? அடுத்தது நம்பியூர். ஒரு நிமிடம், ஒரு போன் பேசிக்கொள்கிறேன். இந்த நம்பர்தான், நீங்களே அழுத்திக் காதில் வையுங்கள், இரண்டு கையும் போசியில் இருக்கிறது.

அலோ... குப்புராஜா? நாச்சிமுத்து. ஆமா, பஸ்ஸுல இருக்கறேன். நாப்பத்தேழாம் பக்கம்... இல்லையா, எடுக்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். நான் எழுதுனது இருக்கட்டும். அதுக்குக் கீழ எடம் இருக்குதா? எத்தனை வரி? போதும். எழுதிக்க. இப்பவே எழுதிக்க, அப்புறம் நான் மாறிருவேன்.

'இந்தக் காளானைத் தின்றவன் நான்.' எழுதிட்டியா? 'கஞ்சியைத் தவிர எதுவும் தொடமாட்டேன் என்று மைக்கில் சொன்ன ஒன்பதாம் நாள் தின்றேன். மரகதம் விற்கவில்லை. பசித்தவனுக்குக் கொடுத்தாள். அது தெரிந்தேதான் இந்த நோட்டீசை எழுதினேன்.' அவ்வளவுதான்.

என்னது, சங்கத்தக் கேக்கணுமா? கேளு. வேண்டாம்னாங்கன்னா எம்பட நோட்டீஸ் ஒண்ணும் அந்த மலர்ல வரக் கூடாதுன்னு சொல்லு. ஒண்ணும். ஆமா, அத்தனையும்தான். சத்தம் போடறனா? பஸ்ஸுலய்யா, சத்தம் போட்டுத்தான் பேசோணும். கேக்கறவங்க கேக்கட்டும். கீழ பேரா? போடு. நாச்சிமுத்து. தோழர் வேண்டாம். வெறும் நாச்சிமுத்துன்னு போடு.

வெச்சிரு.

முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஆயிரம் பேர் முன்னால் பேசியபோதெல்லாம் எனக்கு இப்படி வியர்த்ததில்லை. இந்த அறிக்கையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது, கணக்குப் போட உதவும். மலர் வர இன்னும் பத்து நாள் ஆகும். அவளிடம் இன்றைக்கு வாயால்தான் சொல்ல வேண்டும்.

"நம்பியூர்! நம்பியூர் எறங்கு! பெரியவரே, முழிச்சுட்டுத் தூங்கறீங்களா?"

"எறங்கறேன்யா. விசிலை ஊதிராதே, இரு."

இதைக் கொஞ்சம் பிடியுங்கள் தம்பி, நான் எழுந்துகொள்கிறேன். சாய்க்காமல், நேராக. கையில் சூடு தெரிகிறதா? இன்னும் இருக்கிறதா?

கொடுங்கள், கொடுங்கள். வழி விடுங்கள். ஆறிப்போனால் களியாகிவிடும்.